ஒரே இயந்திரத்துக்கு மூன்று தேய்மானம்: தொழிற்சாலைக் கணக்கில் எது சரி?

கேள்வி இதுதான். கோவையில் வார்ப்படம் ஊற்றி, பம்ப் உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் ஒரு சிறிய தனியார் கம்பெனி. புதிதாக ஒரு சிஎன்சி லேத் (கணினி கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும் இயந்திரம்) வாங்கியிருக்கிறார்கள். ஆண்டுக் கணக்கில் அதற்கு ஒரு தேய்மானம், வங்கிக்குக் கொடுத்த திட்ட அறிக்கையில் வேறொன்று, வருமான வரிக் கணக்கில் இன்னொன்று. எது உண்மை? மாதாமாதம் கடன் தவணை கட்டுகிறோமே, அதற்கு மேல் தேய்மானம் என்று எதைக் கழிக்கிறோம்? கடன் அடைந்துபோன பழைய இயந்திரத்துக்கு விலை சொல்லும்போது தேய்மானத்தைச் சேர்க்க வேண்டுமா? மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய இயந்திரத்தை விற்றால் வரிக்கணக்கு எப்படி?

மூன்று எண்ணுமே சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. கேட்பவர் வேறு, அவர் பார்க்கும் சட்டம் வேறு, அதனால் விடையும் வேறு. ஆனால் மூன்றுக்கும் மூலத் தகவல் ஒரே இடத்திலிருந்துதான் போக வேண்டும். அது உங்கள் தொழிற்கூடம். இயந்திரம் என்றைக்கு ஓடத் தயாரானது, எத்தனை ஷிப்ட் ஓடுகிறது, அதன் எந்தப் பாகம் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதெல்லாம் உங்கள் மேற்பார்வையாளருக்குத் தெரியும், ஆடிட்டருக்குத் தெரியாது. மார்ச் 31 கழிந்த பிறகு அவரே ஒரு சதவீதத்தைப் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதுதான் பெரும்பாலான சிறு கம்பெனிகளின் வழக்கம். செலவுக் கணக்குப் பார்ப்பவன் என்ற முறையில் என் சண்டையெல்லாம் இந்த வழக்கத்தோடுதான்.

முதலில் கடன் விஷயத்தை முடித்துவிடுகிறேன். தவணையில் இரண்டு பகுதி உண்டு. வட்டி செலவு, அசல் செலவே அல்ல. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுப்பது எப்படிச் செலவாகும்? இயந்திரத்துக்குக் கொடுத்த விலைதான் செலவு, அது 15 ஆண்டு உழைக்கும் பொருளுக்கான செலவு என்பதால் அந்த ஆண்டுகளுக்குப் பங்கு பிரித்துப் போடுகிறோம். அந்தப் பங்குதான் தேய்மானம். இயந்திரத்தை ரொக்கமாக வாங்கியிருந்தால் தவணையே இருக்காது, தேய்மானம் அப்படியே இருக்கும். தேய்மானம் எழுதும்போது கையிலிருந்து பணம் போவதில்லை. அதனால்தான் வங்கி அதிகாரி உங்கள் கடன் அடைக்கும் திறனைப் பார்க்கையில் நிகர இலாபத்தோடு தேய்மானத்தைத் திரும்பக் கூட்டிக்கொள்கிறார். இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு: ஆண்டுதோறும் தேய்மானம் எழுதினால் புது இயந்திரத்துக்குப் பணம் சேர்ந்துவிடும் என்பது. சேராது. அதைத் தனியாக எடுத்து வைத்தால்தான் சேரும்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். ஓர் உதாரணக் கணக்கு. லேத்தின் விலை 24,00,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 4,32,000. லாரி வாடகையும் கிரேனும் 35,000. அடித்தளம் போட 85,000. மின் இணைப்பு, கேபிள் 60,000. சோதனை ஓட்டத்துக்கு 20,000. ஆபரேட்டர் பயிற்சிக்கு 15,000. கம்பெனியின் கணக்கு ஏட்டில் சொத்தின் விலையாக எவ்வளவு ஏற்ற வேண்டும்? 26,00,000. பயிற்சிச் செலவு சொத்தின் விலையில் சேராது, அந்த ஆண்டின் செலவு. ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் விற்பனைக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்துக்கொண்டால் அதுவும் சேராது. இது தெரிவு மட்டுமல்ல, தடையும்கூட. வரித்தொகையைச் சொத்தோடு சேர்த்து அதற்கு வருமான வரியில் தேய்மானம் கோரினால், மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 16(3) பிரிவு உள்ளீட்டு வரியை மறுத்துவிடும். இரண்டையும் எடுத்துவிட்டு, பின்னால் நோட்டீஸ் வந்து விழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கடன் வட்டியைச் சொத்தின் விலையில் ஏற்றலாமா என்று கேட்பார்கள். ஒரு கட்டடம் எழும்பவோ முழு ஆலை நிறுவப்படவோ நெடுங்காலம் பிடித்தால் அந்தக் காலத்து வட்டி ஏறும். வந்து இறங்கிச் சில வாரங்களில் ஓடத் தொடங்கும் லேத்துக்கு ஏறாது. அரசின் மூலதன மானியம் கிடைத்தால் வருமான வரிக்கு அதை விலையிலிருந்து கழித்துவிட வேண்டும். இன்னொன்று, அடித்தளம் போட்ட மேஸ்திரிக்கும் கிரேன்காரருக்கும் ஒரே நாளில் ஓர் ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்திருந்தால், அந்தத் தொகை வருமான வரியில் சொத்தின் அடக்க விலையாகவே எடுபடாது. சொத்து இருக்கும், ஓடும், ஆனால் அந்தப் பகுதிக்கு வாழ்நாள் முழுக்கத் தேய்மானம் கிடைக்காது.

அடுத்தது தேதி. லேத் அக்டோபரில் வந்து இறங்கியது, அடித்தளம் காய்ந்து, லெவல் பார்த்து, முதல் சரியான பாகம் 2024 டிசம்பர் 10 அன்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். கம்பெனிகள் பின்பற்ற வேண்டிய கணக்கு விதிகளில் ஒன்றான கணக்கியல் தரம் 10 சொல்வது, சொத்து உரிய இடத்தில் உரிய நிலையில் பயன்படத் தயாரான நாளிலிருந்து தேய்மானம். இன்வாய்ஸ் தேதியும் இல்லை, முதல் ஆர்டர் கிடைத்த தேதியும் இல்லை. தயாரான பிறகு ஆர்டர் இல்லாமல் இரண்டு மாதம் துணி போர்த்திக் கிடந்தாலும் தேய்மானம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வருமான வரி கேட்பது வேறு, உண்மையிலேயே பயன்படுத்தப்பட்டதா என்று. இந்த இரண்டு தேதிகளும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இயந்திரத்தை நிறுவிய பொறியாளர் கையெழுத்திட்ட அறிக்கையையும், முதல் உற்பத்திச் சீட்டையும் கோப்பில் வையுங்கள். இரண்டு தேதிக்கும் அவைதான் சாட்சி.

இப்போது மூன்று எண்களும் எப்படி வருகின்றன என்று பாருங்கள். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருப்பது, பொதுவான இயந்திரங்களுக்கு 15 ஆண்டு ஆயுள் சொல்கிறது. ஆயுள் முடிவில் நிற்கும் எஞ்சிய மதிப்பு சாதாரணமாக அடக்க விலையில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆண்டுதோறும் ஒரே தொகை எழுதும் நேர்கோட்டு முறையில் 26,00,000க்கு 95 சதவீதம் 24,70,000. அதை 15ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 1,64,667. டிசம்பர் 10 முதல் மார்ச் 31 வரை 112 நாட்களுக்கு 50,528. இது ஆண்டுக் கணக்கில் உள்ள எண்.

திட்ட அறிக்கை எழுதியவர் குறைந்து செல் மதிப்பு முறையைப் பிடித்திருக்கிறார், அதாவது ஆண்டுதோறும் மிச்சமிருக்கும் மதிப்பில் ஒரே சதவீதத்தைக் கழிப்பது. அதே 15 ஆண்டு, அதே 5 சதவீத எஞ்சிய மதிப்பு என்றால் விகிதம் ஆண்டுக்கு 18.10 சதவீதம். 112 நாட்களுக்கு 1,44,403.

வருமான வரியில் இயந்திரத்துக்கு 15 சதவீதம். முதல் ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டதால் பாதி, 7.5 சதவீதம், 1,95,000. உற்பத்தி செய்யும் நிறுவனம் புது இயந்திரம் வாங்கினால் 20 சதவீதக் கூடுதல் தேய்மானம் உண்டு. அதுவும் இங்கே பாதியாகி 2,60,000, மிச்சப் பாதி அடுத்த ஆண்டு. ஆக மொத்தம் 4,55,000. ஆனால் உங்கள் கம்பெனி 22 சதவீத வரி விகிதத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் கூடுதல் தேய்மானம் கிடையாது, 1,95,000தான். பழைய இயந்திரத்தைக் கைமாற்றி வாங்கியிருந்தாலும் அது கிடையாது. வருமான வரியில் இயந்திரத்துக்கு இயந்திரம் தனிக் கணக்கு இல்லை, ஒரே விகிதமுள்ளவற்றை ஒரு தொகுப்பாகச் சேர்த்தே தேய்மானம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 32ஆம் பிரிவில் இருந்த இந்தத் தொகுப்பு முறை, 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்தைப் பிடிக்கும் 2025ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்கிறது. பிரிவு எண் மாறியிருக்கும், ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

180 நாள் கணக்கின் எல்லை அக்டோபர் 3. அன்று ஓடத் தொடங்கினால் மார்ச் 31 வரை சரியாக 180 நாள், மறுநாள் தொடங்கினால் 179. பிப்ரவரிக்கு 29 நாள் உள்ள நிதியாண்டில் எல்லை ஒரு நாள் தள்ளிப் போகும். செப்டம்பர் கடைசியில் இயந்திர வியாபாரிகளின் தொலைபேசி ஓயாமல் அடிப்பதற்கு ஆயுத பூஜை மட்டும் காரணம் இல்லை.

வரித் தேய்மானத்தைப் பற்றி இன்னும் இரண்டு செய்தி. இந்த ஆண்டு நட்டம், தேய்மானத்தை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல முடியாது. நீங்கள் கோரினாலும் கோராவிட்டாலும் அது கழிந்ததாகவே கொள்ளப்படும். ஆனால் நட்டத்தால் கழிக்க முடியாமல் நின்ற தேய்மானத்தை ஆண்டு வரம்பின்றி எடுத்துச் செல்லலாம். சாதாரணத் தொழில் நட்டத்துக்கு 8 ஆண்டுதான். ஏட்டுத் தேய்மானத்துக்கும் வரித் தேய்மானத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் கம்பெனிக் கணக்கில் ஒத்திவைக்கப்பட்ட வரி என்று ஒரு பதிவு வருகிறதே, அது இதன் விளைவு. அதில் உங்களுக்கு வேலை ஒன்றும் இல்லை. தனி உரிமையாளரும் கூட்டு நிறுவனமும் இரண்டாம் அட்டவணைக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல. அவர்களில் பலர் வருமான வரி விகிதத்தையே ஏட்டிலும் போட்டுவிடுகிறார்கள். கணக்கு எளிது. ஆனால் இயந்திரத்தின் உண்மையான உழைப்பைப் பற்றி அந்த ஏடு எதுவும் சொல்லாது.

நேர்கோட்டு முறையா, குறைந்து செல் மதிப்பு முறையா என்று என்னைக் கேட்டால், சிஎன்சி லேத்துக்கு நேர்கோடுதான். முதல் ஆண்டும் பத்தாம் ஆண்டும் அது தரும் உழைப்பு கிட்டத்தட்ட ஒன்றே. குறைந்து செல் முறையில் ஒன்பது ஆண்டு முடிவில் அடக்க விலையில் ஆறில் ஒரு பங்குதான் ஏட்டில் நிற்கும், நேர்கோட்டில் 43 சதவீதம் நிற்கும். ஒன்பது வருட இயந்திரம் நன்றாக ஓடுகிறது, ஏட்டில் மட்டும் கரைந்துவிட்டது என்று பலர் குறைப்படுவது இதனால்தான். முறையை மாற்றலாம், ஆனால் பயன்பாட்டின் போக்கு மாறியிருக்கிறது என்று காட்ட வேண்டும், இலாபத்தைக் கூட்டிக் காட்டுவதற்காக மாற்றக்கூடாது. மாற்றினால் பழைய ஆண்டுகளைத் திருத்த வேண்டியதில்லை, அன்று தொடங்கி எதிர்காலத்துக்கு மட்டும். பழைய கணக்கியல் தரம் 6 இருந்த காலத்தில் முறையை மாற்றினால் பின்னோக்கிப் போய்க் கணக்கிட வேண்டும். சில பழைய கணக்கர்கள் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாம் அட்டவணையின் ஆயுள்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தொழிற்சாலைக் கட்டடம் 30 ஆண்டு, மின் நிறுவல்கள் 10, ஆய்வக உபகரணம் 10, அலுவலக உபகரணம் 5, கணினி 3, சொந்த உபயோக லாரி 8 என்று அது அடுக்குகிறது. நிலத்துக்குத் தேய்மானமே இல்லை. ஆகவே கட்டடத்தோடு சேர்த்து வாங்கினால் விலையைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். உங்கள் இயந்திரம் 15 ஆண்டு தாங்காது என்று தொழில்நுட்ப ஆதாரத்தோடு சொல்ல முடிந்தால் வேறு ஆயுளை வைத்துக்கொள்ளலாம், அதைக் கணக்குக் குறிப்பில் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆண்டுதோறும் ஆயுளை மறுபரிசீலனை செய்யவும் வேண்டும். எட்டு ஆண்டு ஓடிய நம் லேத்தின் ஏட்டு மதிப்பு 12,82,664 என்று இருக்கும். இனி நான்கு ஆண்டுதான் ஓடும் என்று தெரிந்தால், எஞ்சிய மதிப்பு 1,30,000ஐக் கழித்து மிச்சத்தை நான்கால் வகுத்து ஆண்டுக்கு 2,88,166 எழுத வேண்டும். அதை விட்டுவிட்டு, பன்னிரண்டாம் ஆண்டில் காயலான் கடைக்குப் போடும்போது ஒரே அடியாக நட்டம் காட்டுவது சோம்பல் கணக்கு.

ஷிப்ட் விஷயம் பலருக்குத் தெரிவதே இல்லை. இரண்டு ஷிப்ட் ஓடிய காலத்துக்குத் தேய்மானத்தை 50 சதவீதமும், மூன்று ஷிப்ட் ஓடிய காலத்துக்கு 100 சதவீதமும் கூட்ட வேண்டும் என்கிறது அதே அட்டவணை. தொடர் இயக்க ஆலை போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. உங்கள் லேத்துக்கு விலக்கு இல்லை. ஆறு மாதம் இரண்டு ஷிப்ட், ஆறு மாதம் ஒரு ஷிப்ட் ஓடினால் 1,64,667க்குப் பதில் 2,05,834. வருமான வரி ஷிப்டைப் பார்ப்பதில்லை. சம்பளப் பட்டியலில் இரவு ஷிப்ட் படி கொடுத்ததாக இருக்கிறது, மின் கட்டண ரசீதில் இரவு யூனிட்டுகள் இருக்கின்றன, தேய்மானத்தில் மட்டும் ஒற்றை ஷிப்ட். இந்த முரண்பாட்டை ஒரு நல்ல ஆடிட்டர் அரை மணி நேரத்தில் பிடித்துவிடுவார். இயந்திரவாரியாக ஒரு ஷிப்ட் பதிவேடு வைத்தால் போதும், பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம்.

லேத்தைவிடச் சிக்கலானது உங்கள் உலை. இண்டக்‌ஷன் ஃபர்னஸ் என்பதை ஏட்டில் ஒரே வரியாக எழுதிவைத்திருக்கிறீர்கள் என்றே ஊகிக்கிறேன், எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அருகில் போய்ப் பாருங்கள், அது ஒரு பொருள் அல்ல. உள்ளே மணலை இடித்து இறுக்கிய லைனிங். உருகிய இரும்பு அதை ஒவ்வொரு ஊற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்கிறது, சில வாரங்களில் இடித்தெடுத்துவிட்டுப் புதிதாக இடிக்கிறார்கள். அதற்கு வெளியே செம்புக் காயில், அதற்குள் தண்ணீர் ஓடுகிறது. அது ஆண்டுக்கணக்கில் வரும், ஆனால் லைனிங் ஓட்டையாகி உலோகம் எட்டிவிட்டால் ஒரே நாளில் போய்விடும். தள்ளி ஒரு அறையில் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பேனல், மின்னணுப் பலகைகள் நிறைந்தது. மொட்டை மாடியில் குளிரூட்டும் கோபுரம். இவை எல்லாவற்றையும் சுமந்து நிற்கும் இரும்புச் சட்டம், அதற்கு ஒன்றும் ஆகாது.

சொத்தின் மொத்த விலையில் ஒரு பாகத்தின் பங்கு கணிசமாக இருந்து, அதன் ஆயுளும் வேறாக இருந்தால் அதைத் தனியாகப் பிரித்துத் தேய்மானம் எழுத வேண்டும். 2015 ஏப்ரல் 1 முதல் இது கம்பெனிகளுக்குக் கட்டாயம். ஆகவே பேனல் ஒரு வரி, காயிலும் உலை உடலும் ஒரு வரி, குளிரூட்டும் அமைப்பு ஒரு வரி. ஒவ்வொன்றுக்கும் உங்கள் பராமரிப்புப் பொறியாளர் சொல்லும் ஆயுள். லைனிங் சொத்தே அல்ல, ஸ்டோர்ஸ் செலவு. காயிலை மாற்றும்போது புதியதைச் சொத்தாக ஏற்றி, பழையதில் மிச்சமிருக்கும் ஏட்டு மதிப்பை நீக்க வேண்டும். முதலிலேயே பிரித்து எழுதாதவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய காயில் ஏட்டில் எவ்வளவு என்று தெரியாது, அதனால் நீக்காமலே புதியதை ஏற்றுவார்கள். பத்து வருடத்தில் இல்லாத இரண்டு காயில்கள் ஏட்டில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இன்வாய்ஸில் பாகவாரி விலை இல்லையே என்பார்கள். ஆர்டர் கொடுக்கும்போதே விற்பவரிடம் பிரித்துக் கேளுங்கள், கொடுப்பார்.

டைகளும் (அச்சுகள்) பேட்டர்ன்களும் (வார்ப்பு மாதிரிகள்) இன்னொரு ரகம். அவற்றுக்கு ஆண்டுக் கணக்கே பொருந்தாது. 4,00,000 ரூபாய் டை 80,000 முறை அடிக்கத் தாங்கும் என்றால் ஒரு முறைக்கு 5 ரூபாய். பயன்பாட்டு ஆயுளை உற்பத்தி எண்ணிக்கையிலும் சொல்லலாம் என்று அட்டவணையே அனுமதிக்கிறது. இந்த முறையில், ஓடாத மாதத்தில் தேய்மானமும் இருக்காது. 2020 ஊரடங்கில் ஆலை மூடிக் கிடந்தபோது தேய்மானத்தை நிறுத்திவைக்கலாமா என்று பலர் கேட்டார்கள். கால அடிப்படையில் எழுதுபவர்கள் நிறுத்த முடியாது, உற்பத்தி அடிப்படையில் எழுதியவர்களுக்குத் தானாகவே நின்றது. வாடிக்கையாளர் கொடுத்து வைத்திருக்கும் பேட்டர்ன் உங்கள் சொத்து அல்ல. அதற்குத் தனிப் பதிவேடு வையுங்கள், உங்கள் ஏட்டில் ஏற்றாதீர்கள்.

உற்பத்தித் தொழிலில் மட்டும் உள்ள ஒரு விஷயத்துக்கு வருகிறேன். என் கணிப்பில் இதுதான் முக்கியமானது, அதிகம் தவறவிடப்படுவதும் இதுதான். ஒரு கடைக்காரருக்குத் தேய்மானம் நேராக இலாப நட்டக் கணக்குக்குப் போகிறது. தொழிற்சாலைக்கு அப்படி அல்ல. உலையின் தேய்மானம், லேத்தின் தேய்மானம், தொழிற்கூடக் கட்டடத்தின் தேய்மானம் ஆகியவை அந்த ஆண்டு செய்த பொருளின் அடக்கத்தில் சேர்கின்றன. பொருள் விற்றுவிட்டால் செலவாகும், விற்காமல் கிடங்கில் நின்றால் கையிருப்பின் மதிப்புக்குள் உட்கார்ந்திருக்கும். அலுவலகக் கணினியின் தேய்மானம் மட்டும் இப்படிச் சேராது.

எவ்வளவு சேர்ப்பது? ஆண்டுக்குத் தொழிற்கூடத் தேய்மானம் 18,00,000 என்று கொள்வோம். சாதாரணமாக ஆண்டுக்கு 600 டன் ஊற்றுவீர்கள், ஆக டன்னுக்கு 3,000. இந்த ஆண்டு மந்தம், 400 டன்தான் ஊற்றினீர்கள், 50 டன் கையிருப்பு. 18 லட்சத்தை 400ஆல் வகுத்து டன்னுக்கு 4,500 என்று கையிருப்பில் 2,25,000 ஏற்ற ஆசை வரும். கூடாது. கணக்கியல் தரம் 2இன்படி சாதாரணக் கொள்ளளவுதான் அளவுகோல். டன்னுக்கு 3,000, கையிருப்பில் 1,50,000. ஊற்றாமல் போன 200 டன்னுக்கான 6,00,000 அந்த ஆண்டின் செலவாகவே போக வேண்டும். சும்மா நின்ற உலையின் செலவைக் கிடங்கில் உள்ள வார்ப்படத்தின் தலையில் கட்டினால், மந்தமான ஆண்டில் இலாபம் வீங்கித் தெரியும், வங்கிக்குக் கொடுக்கும் கையிருப்பு அறிக்கையும் வீங்கும். நேர்மாறாக, ஒரு ஆண்டு வழக்கத்துக்கு மாறாக 800 டன் ஊற்றினால் டன்னுக்கு 2,250 என்று குறைத்தே எடுக்க வேண்டும், இல்லையென்றால் செலவழித்ததைவிட அதிகமாகப் பொருளில் ஏற்றியதாக ஆகும்.

விலை சொல்லும்போது என்ன செய்வது? நம் லேத் ஆண்டுக்கு 300 நாள், ஷிப்டுக்கு 7 மணி நேரம் உண்மையில் வெட்டுகிறது என்றால் ஒற்றை ஷிப்டில் 2,100 மணி. தேய்மானம் மணிக்கு ஏறக்குறைய 78 ரூபாய். ஆண்டு முழுக்க இரண்டு ஷிப்ட் என்றால் தேய்மானம் 2,47,000 ஆகிறது, மணி 4,200 ஆகிறது, மணிக்கு 59 ரூபாய். கூடுதல் ஷிப்டால் தேய்மானம் கூடினாலும் மணிக் கட்டணம் இறங்குகிறது என்பதைக் கவனியுங்கள்.

கடன் அடைந்த இயந்திரத்துக்கு மணிக்கு 0 ரூபாய் என்று போட்டு விலை சொல்பவர்களால்தான் ஜாப் ஒர்க் கட்டணம் இந்தப் பக்கம் ஏறவே மாட்டேன் என்கிறது. கடன் அடைந்ததற்கும் தேய்மானத்துக்கும் தொடர்பு இல்லை என்று முன்பே சொன்னேன். ஏட்டில் முழுவதும் தேய்ந்துபோய் 5 சதவீதத்தில் நிற்கும் இயந்திரமாக இருந்தாலும், விலைப்புள்ளியில் அதற்கு ஒரு தொகை வர வேண்டும். அது ஏட்டுத் தேய்மானம் அல்ல, இன்று அதே வேலையைச் செய்யும் புது இயந்திரத்தின் விலையை வைத்துப் போடும் தொகை. ஏட்டில் அதை எழுத முடியாது, எழுதவும் கூடாது. ஏடு வரலாற்று விலையைப் பேசுகிறது, விலைப்புள்ளி நாளைய விலையைப் பேச வேண்டும். முழுவதும் தேய்ந்த இயந்திரத்தைச் சொத்துப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடவும் கூடாது. அது தொழிற்கூடத்தில் நிற்கும் வரை பதிவேட்டிலும் நிற்கட்டும். இடம், எண்ணிக்கை, அடையாள எண் மூன்றும் அதில் இருக்கின்றனவா, நேரில் சரிபார்த்தீர்களா என்று, தணிக்கை அறிக்கையில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லும் அரசு ஆணை பொருந்தும் கம்பெனிகளில் ஆடிட்டர் எழுதியாக வேண்டும்.

கடைசிக் கேள்வி, விற்பனை. மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய அந்த இயந்திரமும் இதே விலை என்று வைத்துக்கொண்டு 15,00,000க்கு விற்பதாகக் கொள்வோம். ஒற்றை ஷிப்டில் மூன்று ஆண்டுத் தேய்மானம் போக ஏட்டு மதிப்பு 21,06,000. ஏட்டில் 6,06,000 நட்டம். வருமான வரியில் இந்த நட்டம் தனியாகக் கிடைக்காது. 15 சதவீத இயந்திரத் தொகுப்பின் மொத்த மதிப்பிலிருந்து 15,00,000 கழியும், மிச்சத்துக்கு வழக்கம்போல் தேய்மானம் தொடரும். விற்ற தொகை தொகுப்பின் மதிப்பையே தாண்டினால் மட்டும் தாண்டிய தொகை குறுகிய கால மூலதன ஆதாயம்.

ஜிஎஸ்டியில் இரண்டு எண்களை ஒப்பிட வேண்டும். எடுத்த உள்ளீட்டு வரி 4,32,000. காலாண்டுக்கு 5 சதவீதம் வீதம் 12 காலாண்டுக்கு 60 சதவீதம் கழிந்தால் மிச்சம் 1,72,800. விற்பனை விலை மீது 18 சதவீதம் 2,70,000. எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும், இங்கே 2,70,000. அதை வாங்குபவரிடம் வசூலித்துக்கொள்வீர்கள். 9,60,000க்குக் கீழே விற்றால் கணக்கு மாறும், எவ்வளவு குறைத்து விற்றாலும் 1,72,800 கட்டியாக வேண்டும். ஐந்து ஆண்டு தாண்டிய இயந்திரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, விற்பனை விலை மீது வரி மட்டும். தேய்ந்த டை, அச்சு, ஜிக், ஃபிக்சர், உலையிலிருந்து இடித்தெடுத்த தீச்செங்கல் ஆகியவற்றைக் கழிவாக விற்கும்போதும் விற்ற விலைக்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்று சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. அந்த பில்லில் பொருளைக் கழிவு என்று தெளிவாக எழுதுங்கள்.